மூன்று நாளுக்கு ஐந்து உருப்படி

திருப்பூர்
4.8.2024

அம்மாவுக்கு,

போன மாதம் நீ போட்ட கடிதம் வந்தது. மொத்தம் நாலு வரி. அதில் இரண்டு வரி மழையைப் பற்றி. என்னிடம் சொல்ல உனக்கு வேறு ஒன்றும் இல்லையா, அல்லது கொடைக்கானல் தையல்கடை ஆண்டிச்சாமி அண்ணன் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினாரா தெரியவில்லை. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. என் கடிதம் அவர் கடைக்கு வருவதும், ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும்போது நீ வாங்கிக்கொள்வதும் தெரிந்தால் நம் ஊர்க்காரர்கள் அவரிடம் ஒரு பட்டன்கூடத் தைக்கக் கொடுக்க மாட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆயுத பூஜைக்கு எங்கள் பனியன் கம்பெனியில் மூன்று நாள் லீவு. அக்டோபர் 11 வெள்ளி, 12, 13. நான், யோகேஷ், பாப்பா மூன்று பேரும் கொடைக்கானல் வருகிறோம். பதறாதே, கூக்கால் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டேன். பெரும்பாறை எஸ்டேட் கூலி லயத்துப் பையனைக் கட்டிக்கொண்டேன் என்று ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஊர் மந்தையில் கூடிப் பேசியது எனக்கு மறக்கவில்லை. என்னோடு பேச்சுவார்த்தை வைத்தால் நம் காட்டுக்குத் தண்ணீர் முறை கிடையாது, பூண்டு எடுக்க ஒரு ஆள் வர மாட்டார்கள். அதற்குப் பயந்து கந்தவேல் அண்ணன் எழுந்து நின்று "எனக்குத் தங்கச்சியே இல்ல, தல முழுகியாச்சு" என்று வாக்குக் கொடுத்ததும் மறக்கவில்லை.

அதனால் இப்படி யோசித்தேன். ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜில் அறை போடுகிறோம். நீ இரண்டு ராத்திரி எங்களோடு தங்க வேண்டும். பூஜை லீவில் கொடைக்கானலில் கூட்டம் நெரியும். நூல் சேலையும் தலையில் துண்டுமாக நீ நின்றால் நூறு அடி தூரத்திலேயே கூக்கால்காரி என்று தெரிந்துவிடும். சுடிதாரும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் உன்னை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டூர் வந்த குடும்பம் என்று நினைத்துக்கொள்வார்கள். துணியெல்லாம் நான் அனுப்புகிறேன்.

பாப்பாவுக்கு நாலு வயதாகிறது, அம்மா. அவளை நீ ஒரு போட்டோவில்தான் பார்த்திருக்கிறாய்.

ராஜகுமாரி


கூக்கால்
18.8.2024

மகள் ராஜிக்கு அம்மா எழுதுவது.

உனக்குப் புத்தி பிசகிவிட்டதா? ஐம்பத்து மூன்று வயதில் நான் சுடிதார் போட்டுக்கொண்டு ஏரியைச் சுற்றி வர வேண்டுமாக்கும். உன் அப்பா இருந்திருந்தால் சிரித்தே செத்திருப்பார். எனக்குச் சேலை ஐந்து இருக்கிறது. இத்தனை வருஷத்தில் எதற்கு எது சேரும் என்று ஒருத்தர் என்னைக் கேட்டதில்லை. கேரட் காட்டில் யார் பார்க்கிறார்கள்?

கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் கோபம் வந்தது. இரண்டாம் தரம் பயம் வந்தது. மூன்றாம் தரம் படித்துவிட்டு ஆண்டிச்சாமியிடம் போய், "எனக்கு அளவெடுடா" என்று சொல்லிவிட்டேன். அவன் கூச்சப்பட்டு உள்ளே போய்ப் பெண்டாட்டியை அனுப்பினான். அளவுச் சீட்டு இதோடு இருக்கிறது. இடுப்பைப் பார்த்துச் சிரிக்காதே.

வீட்டை விட்டு எப்படிக் கிளம்புவது என்றுதான் பெரிய யோசனை. புதன்கிழமை தோறும் ஊருக்கு வரும் நர்ஸ் விஜயராணியிடம் மனசு விட்டுச் சொன்னேன். அவள் பெரும்பாறைப் பக்கத்துப் பெண். உன் மாமியார் வீட்டை அவளுக்குத் தெரியுமாம். "வத்தலக்குண்டுல கண்ணு காட்டணும், ரெண்டு நாள் தங்கணும்னு நான் ஒங்க மகன்ட்ட சொல்றேம்மா, நீங்க பேசாம கெளம்புங்க" என்றாள். பிறத்தியார் மகளுக்கு இருக்கும் தைரியம் எனக்கு இல்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். கடிதத்தில் உன் போன் நம்பரை எழுதாதே. இதற்கு முந்தின கடிதத்தில் எழுதியிருந்தாய், நான் கிழித்து அடுப்பில் போட்டேன். என் போன் கந்தவேலிடம்தான் கெடக்கிறது. நம்பர் யார் கையிலாவது சிக்கினால் ஊரில் உள்ளவன் எல்லாம் கூப்பிட்டு உன்னை வாய்க்கு வந்தபடி ஏசுவான்.

பாப்பா பெயர் யாழிசையாம், போட்டோவுக்குப் பின்னால் எழுதியிருக்கிறாய். சொல்லிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. நான் குட்டி என்று கூப்பிட்டுக்கொள்கிறேன்.

அம்மா


திருப்பூர்
1.9.2024

அம்மாவுக்கு,

நீ வருகிறேன் என்று எழுதவில்லை. ஆனால் இடுப்பளவு அனுப்பியிருக்கிறாய். அது போதும். யோகேஷிடம் காட்டினேன். "அத்த வந்துருவாங்க" என்றார். பெரும்பாறையில் அவர் அம்மா போன வருஷம் தவறிப் போன பிறகு உன்னைத்தான் அடிக்கடி கேட்கிறார்.

துணிப் பொட்டலம் ஆண்டிச்சாமி அண்ணன் கடைக்கு வரும். உனக்கு மொத்தம் ஐந்து உருப்படி. மேலுக்கு மூன்று டாப்பு: ஒன்று கடுகு மஞ்சள், ஒன்று கருநீலம், ஒன்று சந்தன நிறம். கீழுக்கு இரண்டு பேன்ட்: கருநீலம் ஒன்று, சாம்பல் ஒன்று. எதை எதோடு போட்டாலும் சேரும். மூன்றை இரண்டோடு மாற்றி மாற்றிப் போட்டால் ஆறு மாதிரி வரும். நமக்கு மூன்று நாள்தான். அதற்கு மேல் மஞ்சளில் ஒரு ஸ்வெட்டர், நீலத்தில் ஒரு சால்வை. இரண்டும் மேலே போடுகிறவை, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை. எல்லாம் ஒரு சின்ன கைப்பைக்குள் அடங்கும். பெரிய பையாகத் தூக்கினால் அண்ணி கேள்வி கேட்பாள்.

எனக்கும் யோகேஷுக்கும் பாப்பாவுக்கும் இதே மூன்று நிறம்தான். வெள்ளிக்கிழமை நாலு பேரும் மஞ்சள், சனிக்கிழமை நீலம், ஞாயிறு சந்தன நிறம். டூர் வருகிற குடும்பங்கள் இப்போது இப்படித்தான் போடுகிறார்கள். நான் செக்கிங்கில் இருக்கிறவள் அம்மா, ஷேடு மாறினால் என் கண் முதலில் கண்டுபிடித்துவிடும். ஒரே மஞ்சள் என்று வாங்கினாலும் வேறு வேறு சாயத்தில் முக்கினது பக்கத்தில் வைத்தால் வேறாகத் தெரியும். அதனால் நாலு பேருக்கும் ஒரே ரோலில் வெட்டினேன். சூப்பர்வைசரிடம் கெஞ்சி, மிச்சத் துணியை வாங்கி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நானே தைத்தேன். போட்டோ எடுத்தால் யார் பார்த்தாலும் ஒரே வீட்டு ஆட்கள் என்று சொல்ல வேண்டும். எனக்கு அது வேண்டும். வேறு எந்தப் போட்டோவிலும் நீயும் நானும் ஒன்றாக இல்லை.

உனக்குக் கால் வலிக்காத கேன்வாஸ் ஷூ ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதை நான் கையில் கொண்டு வருகிறேன்.

ராஜி


கூக்கால்
15.9.2024

ராஜிக்கு,

பொட்டலம் போன ஞாயிறு கிடைத்தது. பூண்டுச் சாக்குக்குள் செருகி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வேனில் வரும்போது நம் ஊர் ராஜமுருகன் அதன் மேலேயே உட்கார்ந்து வந்தான்.

எல்லாரும் காட்டுக்குப் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போட்டுப் பார்த்தேன். நம் வீட்டில் இருப்பது கந்தவேல் சவரம் பண்ணுகிற கண்ணாடிதான், உனக்குத் தெரியும். கழுத்தைப் பார்த்தால் இடுப்பு தெரியாது, இடுப்பைப் பார்த்தால் முகம் தெரியாது. துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டேன். மஞ்சள் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கழற்ற மனசில்லை. அப்புறம் வெளியே ஆடு கத்தியதும் வெரசாகக் கழற்றிவிட்டேன்.

எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியவில்லை. பெட்டியைத் திறந்தால் மருமகள் பார்ப்பாள். அரிசிப் பானைக்குள்ளும் அவள்தான் கை விடுகிறவள். கடைசியில் அடுப்புக்கு மேல் விதைப்பூண்டு கட்டித் தொங்கவிட்டிருக்கும் பரணில், பூண்டுக் கொத்துகளுக்குப் பின்னால் செருகிவிட்டேன். அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள். விதைப்பூண்டு புகையில் கெடந்து காய வேண்டும், ஐப்பசி பிறந்தால்தான் இறக்குவார்கள். நாம் பார்க்கப்போவது புரட்டாசிக் கடைசியில். அதற்குள் நான் எடுத்துக்கொள்வேன். துணியில் புகை வாடையும் பூண்டு வாடையும் ஏறும். அதற்கென்ன, என் மேலேயே அந்த வாடைதானே.

குட்டிக்கு என்ன பிடிக்கும்? முறுக்கு சாப்பிடுவாளா? எதையாவது கையில் கொண்டு வர வேண்டும்.

அம்மா


திருப்பூர்
25.9.2024

அம்மா,

அவசரத்தில் எழுதுகிறேன், ஷிப்டுக்கு நேரமாச்சு. அறை போட்டாச்சு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆண்டிச்சாமி அண்ணன் கடை வாசலில் நிற்போம். நீ அங்கே வந்து துணி மாற்றிக்கொள். அன்றைக்கு அவர் கடைக்குப் பூஜை போட்டுவிட்டுச் சொந்த ஊருக்குப் போகிறாராம். ஒரு சாவி பக்கத்து டீக்கடையில் இருக்கும் என்று எழுதியிருந்தார்.

பாப்பாவிடம் சொல்லிவிட்டேன், "நம்ம கலர்லயே ஒரு பாட்டி வருவாங்க" என்று. தினமும் எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டு உயிரை வாங்குகிறாள். முறுக்கு சாப்பிடுவாள். நீ வந்தால் போதும்.

ராஜி


கூக்கால்
5.10.2024

ராஜிக்கு,

வராதே.

நான் கெடுத்தேன். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, நர்ஸ் பெண் வாயைத் திறக்கவில்லை. என் முட்டாள்தனம்தான். மழை இந்த வருஷம் முன்னாலேயே பிடித்துக்கொண்டது. மண் பதமாக இருக்கிறது, இப்போதே நட்டுவிடலாம் என்று புதன்கிழமை வெள்ளனே கந்தவேல் பரணில் ஏறிவிட்டான். நான் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் விதைப்பூண்டோடு பொட்டலமும் தரையில் கெடக்கிறது. முப்பது வருஷமாக ஐப்பசியில் இறக்குவதைப் பார்த்த எனக்கு வானத்தை அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை.

அவன் சத்தம் போடவில்லை. ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தான். திருப்பூர் கம்பெனிப் பெயர் போட்ட கவர் அது, கேட்கவே வேண்டியதில்லை. "எங்க வச்சுப் பாக்குறதா இருந்த?" என்றான். நான் சிதறிய பூண்டைப் பொறுக்கினேன். "மந்தையில தெரிஞ்சா இந்த வருசம் நடவே இல்லம்மா. ரெண்டு பிள்ளைகள நான் எத வச்சு வளக்க?" என்றான். அவன் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கிழிப்பான், எரிப்பான் என்று நினைத்தேன். செய்யவில்லை. காட்டுமாடு இறங்காமல் இருக்கப் பழைய சேலைகளை வேலியில் கட்டுவோம் இல்லையா, அதோடு சேர்த்து உன் துணியையும் கீழ்க்காட்டு வேலியில் கட்டிவிட்டான். காட்டுக்குப் போனால் அதைப் பார்த்துக்கொண்டேதான் களை எடுக்க வேண்டியிருக்கிறது.

நாளைக்குச் சந்தைக்கு அவனும் வருகிறான். ஆண்டிச்சாமி கடைப் பக்கம் நான் தலைகாட்ட முடியாது. அவன் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து இதைத் தபால் பெட்டியில் போடுவேன். உன் நம்பரைக் கிழித்துப் போட்டது நான்தான். அது இருந்தால் யார் காலிலாவது விழுந்து ஒரு போன் போட்டிருப்பேன். நீ கிளம்புவதற்கு முன்னால் இது வந்து சேர வேண்டும்.

அம்மா


திருப்பூர்
15.10.2024

அம்மாவுக்கு,

உன் கடிதம் நாங்கள் திரும்பி வந்தபோது கதவிடுக்கில் கிடந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கடை வாசலில் நின்றோம். ஷட்டரில் மாவிலையும் சந்தனமும் இருந்தது, நீ இல்லை. டீக்கடையில் சாவி அப்படியே தொங்கியது. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உங்கள் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு வண்டியையும் பார்த்தோம். மூன்று பேரும் மஞ்சள். சனிக்கிழமையும் அப்படியே, நீலத்தில். ஏரியையும் பார்க்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை. பாப்பா பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலேயே தூங்கினாள். உனக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நான் நினைத்தேன். அடித்துவிட்டார்கள் என்று யோகேஷ் நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்தேன். யோகேஷ் வேண்டாம் என்றார், கையைப் பிடித்தார். நான் கேட்கவில்லை. தலையில் குல்லா, முகத்தில் மாஸ்க். அண்ணன் உனக்குப் பின்னால் மூட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"கேரட் எப்பிடிங்க?" என்று கேட்டேன்.

நீ நிமிர்ந்தாய். மூன்று பேரையும் ஒரே சந்தன நிறத்தில் பார்த்ததும் உனக்குத் தெரிந்துவிட்டது. தராசில் இருந்த கேரட்டைத் திரும்பக் கூடையில் கொட்டினாய். அப்புறம் சொன்னாய்: "காலம்பற பிடுங்குனதுங்க. எத்தன கிலோ போடட்டுங்க?"

என்னைப் பார்த்து வாங்க போங்க என்று பேசினாய், அம்மா. வேறு வழி இல்லை என்று எனக்குப் புரிகிறது. உன் கடிதத்தைப் படித்த பிறகு இன்னும் நன்றாகப் புரிகிறது. ஆனாலும் பொறுக்க முடியவில்லை. நீ என்னைத் திட்டியிருக்கலாம். "போடீ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைச் சொத்தாகக் கொண்டு வந்திருப்பேன்.

பாப்பா அந்த நேரம் பார்த்து, "நம்ம கலர் பாட்டி எப்பம்மா வருவாங்க?" என்றாள். உன் முகத்துக்கு நேராக. நான் "நாளைக்கு" என்றேன். அண்ணன் தலையைக்கூடத் தூக்கவில்லை. பையில் இரண்டு கை கேரட்டைக் கொசுறாக அள்ளிப் போட்டான், எல்லாருக்கும் போடுகிற மாதிரி. அவனுக்கு நாங்கள் யாரோ டூர்காரர்கள். என் ஏற்பாடு அவனிடம் மட்டும் பலித்தது.

அந்தக் கேரட்டை நான் சமைக்கவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். இனிமேல் வர மாட்டேன். ஆனால் எழுதுவேன். நீயும் எழுது, நாலு வரியானாலும் சரி, மழையைப் பற்றியானாலும் சரி.

ராஜி


கூக்கால்
30.10.2024

என் மகள் ராஜிக்கு,

உன் கடிதத்தை நர்ஸ் விஜயராணி ஆண்டிச்சாமி கடையில் வாங்கி வந்து கொடுத்தாள். இதையும் அவளிடம்தான் கொடுத்து அனுப்புகிறேன். அடுத்த மாதம் அவளுக்கு வேறு ஊர் மாற்றல். அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

நீ ஒன்றைத் தப்பாக நினைத்திருக்கிறாய். உன் அண்ணன் யாருக்கும் கொசுறு போடுகிறவன் இல்லை. ஒரு பச்சைமிளகாய் கூடுதலாகக் கேட்டாலும் சண்டைக்குப் போவான். நீ எதிர் வரிசையில் வரும்போதே அவன் உன் நடையைப் பார்த்துவிட்டான். என்னிடம் ஒன்றும் சொல்லாமல், மூட்டை அவிழ்க்கிற சாக்கில் குனிந்துகொண்டான்.

நீ போன பிறகு ராஜமுருகன் எங்கள் கடைக்கு வந்தான். "யாரு அந்தப் பிள்ள? ஒங்க வீட்டுச் சாடையா இருக்கு" என்று கேட்டான். கந்தவேல், "யாரோ கோயம்புத்தூர்க்காரக, ஒனக்கு என்ன சோலி?" என்று கத்தினான். அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். ராஜமுருகன் சிரித்துக்கொண்டே போனான்.

அன்றைக்கு வேனைக் கந்தவேல்தான் ஓட்டினான், திரும்பும்போது நாங்கள் இரண்டு பேரும்தான். பூம்பாறை தாண்டினோம். அப்புறம், "பிள்ளைக்கு ஒன் மூக்கும்மா" என்றான். எனக்கு உயிரே வந்தது. இன்னும் ஏதாவது சொல்வான், ஒருநாள் கூட்டிக்கொண்டு போகிறேன் என்பான் என்று வெட்கமில்லாமல் காத்திருந்தேன். ஊர் தெரிகிற வளைவில் வந்து வண்டியை ஓரம் கட்டினான். "அடுத்த வாரத்துலருந்து நீ சந்தைக்கு வர வேணாம். நான் பாத்துக்கிறேன்" என்றான். இரண்டையும் ஒரே வாய்தான் சொன்னது. அவனைத் திட்டாதே. நான் திட்டிப் பார்த்துவிட்டேன், மனசு ஆறவில்லை.

இரண்டு வாரமாக நான் கொடைக்கானல் போகவில்லை. ஆண்டிச்சாமிக்கும் பயம் வந்துவிட்டது. இனிமேல் கடிதம் வாங்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டான். ஊர்த் தபால்காரர் யார் என்று உனக்கே தெரியும், உன் பெரியப்பா மகன். அதனால் எழுதாதே.

உன்னை வாங்க போங்க என்று சொன்னதற்கு நான் என்ன சொல்ல. அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான் நீ என் கையை விட்டுப் போய்விட்டாய் என்று எனக்கே தெரிந்தது. இந்த ஐந்து வருஷத்தில் ஒரு நாளும் அப்படித் தோன்றியதில்லை.

இன்னும் ஒன்று. பையை உன்னிடம் நீட்டும்போது ஒரு சின்னக் கேரட்டைக் குட்டி கையில் கொடுத்தேன், நீ கவனித்தாயோ என்னவோ. அவள் விரல் என் உள்ளங்கையில் பட்டது. அவள் கை கொதித்தது. குளிரில் இரண்டு நாள் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் வராமல் என்ன செய்யும்? "புள்ளைக்கு மேலு சுடுதே" என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. பின்னால் உன் அண்ணன் இருந்தான், கேட்க முடியவில்லை. நீ கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. காய்ச்சல் இருந்ததா, மருந்து வாங்கிக் கொடுத்தாயா, இப்போது தேவலையா என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். நீ பதில் எழுதினாலும் எனக்கு வந்து சேராது.

அம்மா